மோர்கோன் ரெட் ஒயின்: கத்திரி வெயில்ல நாலு மாசம் தாங்குமா?

சத்துவாச்சாரி77:
லியோன்ல இருந்து வர்ற உறவினர் ரெண்டு பாட்டில் ரெட் ஒயின் கொண்டு வர்றார். அனுப்பின போட்டோவுல பெரிய எழுத்துல 'மோர்கோன்'னு இருக்கு, கீழே 'லாபியேர்'. என்ன திராட்சைன்னு எங்கேயும் போடல. மோர்கோன்ங்கிறது கம்பெனி பேரா? இப்ப சித்திரை, திறக்கப்போறது ஆவணியில. ஏசி ஒரு ரூம்ல மட்டும், அதுவும் ராத்திரிதான் ஓடும். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். மண்பானையைச் சுத்தி ஈரச்சாக்கு போட்டு அதுக்குள்ள வைக்கலாமான்னு ஒரு யோசனை. அன்னைக்குச் சாப்பாடு ஆம்பூர் பிரியாணி. பொருந்துமா?

பாலாற்றங்கரை:
மோர்கோன் கம்பெனி இல்லைங்க, ஊர்ப் பேர். லியோனுக்கு வடக்கே போஜோலேன்னு ஒரு பகுதி. அங்க தனிப்பேர்ல விக்கத் தகுதி பெற்ற 10 இடங்கள்ல மோர்கோனும் ஒண்ணு. 1936-லயே அந்தப் பேருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தாச்சு. பிரான்ஸ்ல இந்த மாதிரி ஒயின்ல ஊர் பேரைப் போட்டா திராட்சை பேரும் அதுலயே அடக்கம். 'ஆம்பூர் பிரியாணி'ன்னு போர்டு வெச்சவர் கீழே 'சீரகச் சம்பா'ன்னு தனியா எழுதணுமா என்ன? அதே கதைதான்.

திராட்சை பேர் காமே. கருப்புத் தோல், உள்ளே வெள்ளைச் சாறு. 1395-ல, போஜோலேக்கு வடக்கே இருக்கிற பர்கண்டியோட பிரபு பிலிப், இது ரொம்ப மோசமான கொடின்னு சொல்லி வேரோடு பிடுங்க உத்தரவு போட்டார். தெற்கே போஜோலேயோட கிரானைட் மண்ணுல இது நிலைச்சு நின்னுடுச்சு. மோர்கோன்ல, முக்கியமா கோத் து பீ குன்றுல, பாறை உதிர்ந்து பொடிஞ்சு கிடக்கும். 'அழுகின பாறை'ன்னே அந்த ஊர்க்காரங்க சொல்வாங்க. அதனால மத்த போஜோலேயை விட இதுல கொஞ்சம் கனம் கூட. நவம்பர் மூணாவது வியாழன் விக்கிற புது ஒயினோட இதைக் குழப்பிக்காதீங்க. அந்தப் பத்து இடத்துப் பேர்ல புது ஒயின் விக்க அனுமதியே கிடையாது.

லாபியேர்தான் தயாரிப்பாளர், வில்லியே-மோர்கோன் ஊர்க் குடும்பம். மார்செல் லாபியேர் 2010-ல இறந்துட்டார், இப்ப பிள்ளைங்க நடத்துறாங்க. ஜூல் ஷோவேங்கிற வேதியியலாளர் சொன்ன வழியில, வெளி ஈஸ்ட் போடாம, கந்தகம் சேர்க்காம ஒயின் எடுத்தவர் மார்செல். குலையைக் கசக்காம முழுசாவே தொட்டியில அடுக்குவாங்க. அடியில இருக்கிற பழம் எடை தாங்காம நசுங்கிப் புளிக்கும். அதுல கிளம்புற கரியமிலவாயு தொட்டியை நிரப்பிடும். காத்து இல்லாததால மேல இருக்கிற முழுப்பழம் தோலுக்குள்ளேயே புளிக்க ஆரம்பிக்கும். அப்படிப் பழத்துக்குள்ள 2 சதவீதம் அளவுக்குத்தான் ஆல்கஹால் வரும், ஆனா செர்ரி வாசமும் துவர்ப்புக் குறைவும் அங்கதான் பிறக்குது. மிச்சச் சர்க்கரையை பிழிஞ்ச பிறகு ஈஸ்ட் முடிச்சு வைக்கும். அப்புறம் பழைய ஓக் பீப்பாய்ல சில மாசம்.

கோட்டை_அகழி:
சார், வாங்குறதுக்கு முன்னாடி உறவினரைப் பாட்டிலோட பின் லேபிளைப் பார்க்கச் சொல்லுங்க. லாபியேர் மோர்கோன் ரெண்டு விதமா வரும். 'என்' எழுத்து இருந்தா கந்தகம் சேர்க்காதது. 'எஸ்' இருந்தா பாட்டில் அடைக்கும்போது கொஞ்சம் சேர்த்தது. வேலூருக்கு எஸ்தான் சரி. கந்தகம்தான் ஒயின்ல காவல்காரன். அது இல்லாத பாட்டிலை 14 டிகிரிக்குக் கீழேயே வெச்சுக்கணும். அதுக்கு மேல போனா உள்ளே தூங்குற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் முழிச்சுக்கும். குதிரை லாய வாடை, நெயில் பாலிஷ் நெடி, திரும்ப நுரைக்கிறது எல்லாம் அப்படித்தான் வருது.

சத்துவாச்சாரி77:
கேட்டேன். வாங்கியே ஆச்சாம். ஒண்ணு 'என்', ஒண்ணு 'எஸ்'!

கோட்டை_அகழி:
அப்ப 'என்' எழுத்துப் பாட்டிலை ஆவணி வரை வைக்காதீங்க. வந்த வாரமே ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்துத் திறந்துடுங்க. ஆவணிக்கு 'எஸ்'. அதையும் வெளியே வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜ்லதான்.

மண்பானை யோசனையை விட்டுடுங்க. 40 டிகிரி வெயில்ல ஈரச்சாக்கு எவ்வளவு இறக்கினாலும் 26, 28-ல நிக்கும். தண்ணி குடிக்க அது போதும், இதுக்குப் போதாது. ராத்திரி மட்டும் ஏசி ஓடுற ரூம் இன்னும் மோசம், ஏன்னா தினம் ஏறி இறங்கும். 750 மில்லி ஒயின் 20-ல இருந்து 40 டிகிரிக்குப் போனா சுமார் 5 மில்லி விரியும். பாட்டில் கழுத்துல அது ஒண்ணரை சென்டிமீட்டருக்கு மேல. கார்க்குக்குக் கீழே விடுற காலியிடமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். பகல்ல கார்க்கை வெளியே தள்ளும், ராத்திரி சுருங்கும்போது காத்தை உள்ளே இழுக்கும். கார்க் விளிம்புல பிசுபிசுன்னு கசிவு தெரிஞ்சா இதுதான் நடந்திருக்கு.

சென்னை ஏர்போர்ட்ல இருந்து வரும்போது டிக்கியில போடாதீங்க. உள்ளே, ஏசி காத்து படுற இடத்துல, காலடியில படுக்க வைங்க. வழியில சாப்பிட இறங்கினா பாட்டிலும் கூடவே இறங்கணும். வெயில்ல மூடி நிக்கிற கார் ஒரு மணி நேரத்துல அடுப்புதான்.

மூணுதெரு:
ஃபிரிட்ஜ்ல மாசக்கணக்குல வெச்சா கார்க் காஞ்சு போகும்னு சொல்வாங்களே? அதுக்குச் சின்ன ஒயின் கூலர் வாங்கிடலாமே.

கோட்டை_அகழி:
பாட்டில் படுத்திருந்தா கார்க்கோட உள்பக்கம் ஒயின்லயே நனைஞ்சிருக்கும். வெளிப்பக்கம் காயறதுக்கு வருஷக்கணக்காகும், நாலு மாசத்துல ஒண்ணும் ஆகாது. கதவுல வைக்காதீங்க, திறக்கும்போதெல்லாம் ஆடும், சூடு ஏறும். அடியில காய்கறி டிரேயில, நாலஞ்சு செய்தித்தாள் சுத்திப் படுக்க வைங்க. ரெண்டு மணி நேரம் கரண்ட் போனாலும் கதவைத் திறக்காம இருந்தா பாதகமில்ல. நாலு மாசக் குளிர்ல அடியில கல்கண்டுப் பொடி மாதிரி படியலாம். அது திராட்சையோட டார்டாரிக் உப்பு, கெட்டுப்போனது இல்ல. கடைசி ஒரு விரல்கடையைப் பாட்டில்லயே விட்டுடுங்க.

கூலர் வாங்குறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். விலை குறைஞ்ச சின்னது பலதுல கம்ப்ரசர் இருக்காது. அறைச் சூட்டுல இருந்து 15, 20 டிகிரிதான் இறக்கும். 40 டிகிரி ஹால்ல அது 20-க்குக் கீழே வராம முனகிக்கிட்டே இருக்கும். ரெண்டு பாட்டிலுக்கு அந்தச் செலவு வீண்.

பிஷாரம்_வாசி:
பிரியாணிக்கு வர்றேன். ரெட் ஒயின்னா 'ரூம் சூட்டுல' குடிக்கணும்ங்கிறது குளிர்நாட்டு ரூமுக்குச் சொன்னது, நம்ம 32 டிகிரி ஹாலுக்கு இல்ல. மோர்கோனுக்கு 13, 14 டிகிரி. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து 40 நிமிஷம் மேசையில நிக்கட்டும். மறந்து வெளியே விட்டுட்டா பக்கெட்ல பாதி ஐஸ், பாதி தண்ணி, ஒரு பிடி கல்லுப்பு போட்டு 20 நிமிஷம். வெறும் ஐஸ்ல சொருகாதீங்க, தண்ணி இருந்தாதான் கண்ணாடி முழுக்கக் குளிர் படும். ஒரு தடவைக்கு 75 மில்லிக்கு மேல ஊத்தாதீங்க. கிளாஸ்ல சீக்கிரம் சூடேறி ஆல்கஹால் நெடிதான் முன்னாடி நிக்கும்.

ஆம்பூர் பிரியாணிக்குக் காய்ஞ்ச மிளகாயை ஊறவெச்சு அரைச்சுப் போடுறாங்க. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் கிளப்பிவிடும், துவர்ப்பு முரட்டுத்தனமாக்கும். போர்டோ மாதிரி துவர்ப்புக் கூடின ரெட்னா நாக்கு எரியும். காமேல துவர்ப்புக் குறைவு, புளிப்புக் கூட, அதனால சீரகச் சம்பாவோட நெய்யையும் ஆட்டுக்கொழுப்பையும் அந்தப் புளிப்பு அலசிவிடும். கத்தரிக்காய்ப் புளிக் குழம்பை ஓரமா வெச்சுக்கோங்க. இலவம்பாடி முள் கத்தரியா இருந்தா நல்ல ருசிதான், ஆனா புளி தூக்கலா இருந்தா ஒயின் சப்புன்னு போகும். ஆற்காடு மக்கன் பேடா வரும்போது கிளாஸைக் காலி பண்ணிடுங்க. அந்த இனிப்புக்குப் பிறகு இனிப்பில்லாத எந்த ஒயினும் எலுமிச்சைத் தண்ணிதான்.

பாலாற்றங்கரை:
'என்' எழுத்துப் பாட்டிலைத் திறக்கும்போது ரெண்டு சோதனை. நாக்குல லேசா சுறுசுறுன்னா பயப்படாதீங்க, பெரும்பாலும் அடைக்கும்போது தங்கின கரியமிலவாயு. ஜக்குல ஊத்தி ரெண்டு சுழட்டுச் சுழட்டினா போயிடும். கார்க் பிதுங்கி, திறந்ததும் பொங்கி வழிஞ்சா அது பாட்டிலுக்குள்ள திரும்பப் புளிச்சது. இன்னொண்ணு எலி வாடை. மோந்து பார்த்தா தெரியாது. முழுங்கி அஞ்சாறு நொடி கழிச்சு, எச்சில் கலந்த பிறகு, எலிக்கூண்டு மாதிரி பின்னாக்குல எழும்பும். காத்துல வெச்சா குறையாது, கூடும். சிலருக்கு அது தெரியவே தெரியாது, அதனால மேசையில ரெண்டு பேராவது குடிச்சுப் பார்த்துச் சொல்லணும்.

மிச்சமானா 'எஸ்' ரெண்டு நாள், 'என்' மறுநாள் வரை. மூடி இறுகுற 375 மில்லி பாட்டிலை முன்கூட்டியே கழுவிக் காயவெச்சு வைங்க. திறந்ததும் பாதியை அதுல கழுத்து வரைக்கும் நிரப்பி ஃபிரிட்ஜ்ல போட்டுட்டு, மீதியை மேசைக்கு எடுங்க.