புதுப்பிப்பு: தருமபுரி வீட்டுக் கோழியும் பக்கத்து வீட்டுப் புகாரும்

தருமபுரி நகராட்சிக்குள் வீட்டுப் பின்புறம் பத்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன், பக்கத்து வீட்டு அண்ணன் புகார் கொடுக்கப் போகிறாராம், என்ன ஆகும் என்று கேட்டிருந்தேன் அல்லவா?

பலர் பயமுறுத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதல் நமக்குப் பொருந்தாது. மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல்படி அது 5,000 கோழிக்கு மேல் உள்ள பண்ணைகளுக்கு. குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் பண்ணைக் கணக்குதான். ஆனால் நாற்றமும் ஈயும் தெருவுக்கே தொல்லையானால் எண்ணிக்கை பேசிப் பயனில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 152-ஆவது பிரிவில் (பழைய சட்டத்தில் 133) கோட்டாட்சியர் அந்தத் தொல்லையை அகற்றச் சொல்லலாம்.

சரி, அண்ணனிடமே பேசினேன். அவருக்குக் கோழி பிரச்சினை இல்லை, விடியுமுன்னே கூவும் சேவல்தான். நியாயம்தான், எனக்கே கடுப்பு. அதை மாரண்டஅள்ளியில் மாமா தோட்டத்துக்கு அனுப்பியாச்சு. கூண்டை அவர் சுவரிலிருந்து தள்ளிவைத்து அடியில் தேங்காய் நார்த்தூள் பரப்பினேன். எச்சம் காய்ந்துவிடுகிறது, வாடை இல்லை.

அப்புறம், கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியும் கால்நடை மருந்தகத்தில் போட்டாச்சு. குஞ்சு வைத்திருப்பவர்கள் முதல் வாரத்திலேயே அதே நோய்க்கான லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து விடுங்கள், எட்டாம் வாரம் ஊசி.

சேவல் போனால் முட்டை நிற்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நிற்காது, குஞ்சு மட்டும்தான் பொரியாது.