மேஜைக்கு இந்தப் பக்கம்

விருப்பமான எழுத்தாளரின் கதைகளில் தம்மைக் கண்டுகொண்ட விதத்தை நண்பர்கள் பலர் இங்கே எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர் துன்பப்படுகிற பாத்திரத்திலோ, துணிந்து எதிர்க்கிற பாத்திரத்திலோ தம்மைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு நேர்ந்தது அவ்வளவு பெருமைக்குரியதன்று.

அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையைக் கல்லூரி நாட்களில் முதன்முதலாகப் படித்தேன். படப்பிடிப்பு இல்லாமல் சோம்பிக் கிடக்கும் சினிமா நிறுவனம் ஒன்றுக்குக் காதர் என்பவர் வேலை கேட்டு வருகிறார். புலித்தலையை மாட்டிக்கொண்டதும் அந்த மெலிந்த மனிதர் புலியாகவே மாறி அறைக்குள் பாய்கிறார்; பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். பின்னொரு நாள் அவருக்குப் போடப்பட்ட கடிதம், ஆள் இல்லையென்று திரும்பி வந்துவிடுகிறது. அன்று நான் என்னைக் காதராகவே நினைத்துக்கொண்டேன். இருபது வயதில் யார்தான் தன்னை உலகம் கண்டுகொள்ளாத கலைஞனாக நினைக்கமாட்டார்கள்?

பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் சேர்ந்தேன். ஒருநாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்தார். எங்களுக்கு வேண்டியிருந்தது ஓவர்லாக், பேட்லாக் என்னும் மின்சாரத் தையல் மெஷின்களை ஓட்டத் தெரிந்த டெய்லர்கள். அவருக்குத் தெரிந்ததோ காலால் மிதிக்கும் தையல் மெஷின் மட்டும். நான் கேட்காமலேயே மஞ்சள் பையிலிருந்து தாம் தைத்த ரவிக்கையை எடுத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, கை சேரும் கைக்குழியின் வளைவில் விரலை வைத்து ஓட்டிக் காட்டினார். ஒரு பிசிறு கிடையாது. வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம் அழகாக இருந்தது. தையலைப் பற்றி ஒன்றும் அறியாத நானே சற்று நேரம் பேச்சற்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, “சொல்லி அனுப்புகிறோம் அம்மா” என்றேன். ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் தைத்துத் தள்ளும் இடத்தில் அந்தக் கைக்குழிக்கு என்ன வேலை?

அன்றிரவு அந்தக் கதையை மறுபடி எடுத்தபோதுதான், அதைச் சொல்பவனும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஓர் ஊழியன் என்பது கண்ணில் பட்டது. அவன் இரக்கமற்றவன் அல்லன். வியக்கத் தெரிந்தவன், உதவவும் நினைப்பவன், ஆனால் அந்த நாற்காலியின் எல்லைக்கு அப்பால் அவன் கை எட்டாது. என்னை அப்படியே எழுதி வைத்திருந்தார் என்று தோன்றியது.

அசோகமித்திரன் 1952-இல் செகந்தராபாத்திலிருந்து சென்னைக்கு வந்து, 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். நாளெல்லாம் செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்ததால், வேலையில்லாமல் இருக்கிறார் என்று எண்ணி வருவோர் போவோரெல்லாம் தமக்கு உபதேசம் செய்ததைப் பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்த மேஜையை அறிந்தவர் என்பதால்தான் மேஜைக்குப் பின்னால் இருப்பவனைத் திட்டாமலும், அவனுக்காகப் பரிந்து பேசாமலும் அவரால் எழுத முடிந்தது என்பது என் கணிப்பு. எனக்கு இது பெரிய ஆறுதல் ஒன்றும் தரவில்லை. ஆனால், வேலை கேட்டு வருபவர் எதையாவது காட்ட முற்பட்டால், இப்போது பாதியில் நிறுத்தச் சொல்வதில்லை.

*

திருப்பூர்த் தம்பிக்கு: நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல் நினைவுக்கு வந்தது. அதன் நாயகி ஜமுனாவை நான் எப்போதும் சற்று எரிச்சலோடுதான் படித்திருக்கிறேன். அவளுக்குத் தைரியம் சொல்லும் டீச்சரம்மாவே என் ஆதர்சம். வாழ்க்கை எவ்வளவு கசந்தாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மனுஷி நான் என்று ஒரு நினைப்பு. 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்தது. வரிசையில் நின்ற நான் என் குடத்தைக் கவனிக்காமல், முன்னால் நிற்பவள் எத்தனை குடம் பிடிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது குடத்தை அவள் நீட்டியதும் என் குரல்தான் முதலில் உயர்ந்தது. அந்த நாவலில் தண்ணீருக்காகச் சண்டையிடும் தெருப் பெண்கள் பலர் வருகிறார்கள். ஒருத்திக்கும் பெயர் என் மனத்தில் பதிந்ததில்லை. நான் அவர்களில் ஒருத்தி. டீச்சரம்மா ஆவதற்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும், தம்பி.