பிரேக்கில் காற்று எடுக்க எளிய கருவி வேண்டும், அவசரம்

தேர்ப்பாகன்:
பிரேக் ஆயில் குழாயில் புகுந்த காற்றை வீட்டிலேயே வெளியே எடுக்கிறேன், உதவிக்கு ஆள் இல்லை. இரண்டு முறை எடுத்தும் பெடல் பஞ்சாக அமுங்குகிறது. எந்தக் கருவி வாங்கலாம்? நாளைக்கு வண்டி வேண்டும்.

நீலக்குடை:
ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டா? கடைசியாக எதைக் கழற்றினீர்கள்?

மூங்கில்:
ரிங் ஸ்பேனர், நிப்பிளை (சக்கரத்தருகே காற்றை வெளியே விடும் சிறு திருகு) இறுகப் பிடிக்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், ஒரு பாட்டில். இவ்வளவு போதும். பாட்டிலில் இரண்டு விரல் உயரம் புது பிரேக் ஆயில் ஊற்றி, டியூப் முனையை அதில் மூழ்கவிடுங்கள். நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மெதுவாக மிதியுங்கள். பெடல் திரும்பும்போது காற்றுக்குப் பதில் ஆயிலைத்தான் இழுக்கும். நாலைந்து மிதிக்கு ஒருமுறை மேலே உள்ள ஆயில் டப்பாவைப் பாருங்கள். அது வற்றினால் செய்ததெல்லாம் வீண்.

பழஞ்சக்கரம்:
தம்பி, இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன், தேடிப் படித்திருக்கலாம். பெடல் மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்தான் போயிருக்கும். பழைய வண்டியில் அடிவரை மிதித்தால் உள்ளே படிந்த துரு ரப்பரைக் கிழித்துவிடும். பெடலுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள்.

மழைத்துளி:
தனி ஆளுக்குப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சுவதே சுலபம்.

மூங்கில்:
உறிஞ்சினால் நிப்பிள் மரை வழியாக வெளிக்காற்றும் வரும். குமிழி நிற்கவே நிற்காது.

மழைத்துளி:
மரையைச் சுற்றி கிரீஸ் பூசினால் நின்றுவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பழஞ்சக்கரம்:
முதலில் ஆயிலைப் பாருங்கள். டாட் 4 வகை பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த அளவுகோல் 155தான். திறந்து பல மாதமான டப்பா ஆகாது. சிலிகோன் வகையான டாட் 5-ஐக் கலக்கவே கூடாது.

நீலக்குடை:
ஆயில் இருக்கட்டும். தேர்ப்பாகன், நான் கேட்டதற்குப் பதில்?

தேர்ப்பாகன்:
மன்னிக்கவும். ஏபிஎஸ் இல்லை. முன் சக்கரங்களில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இரண்டையும் புதிதாக மாற்றினேன்.

நீலக்குடை:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

தேர்ப்பாகன்:
இரண்டிலும் கீழே.

நீலக்குடை:
இடத்தையும் வலத்தையும் மாற்றிப் பூட்டியிருக்கிறீர்கள். காற்று மேலே தேங்கிவிடும், கீழே ஆயில்தான் வரும். எந்தக் கருவியாலும் அதை எடுக்க முடியாது. கழற்றிச் சரியாகப் பூட்டுங்கள், ஹோஸ் போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர் போடுங்கள். பெயிண்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பெடல் கெட்டியாகும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள், தயவுசெய்து.

தேர்ப்பாகன்:
மாற்றிவிட்டேன். பெடல் கல் போல நிற்கிறது. நன்றி.

மழைத்துளி:
மிதித்து எடுத்தீர்களா, சிரிஞ்சாலா?