'செலவு' கூடினால் நல்ல செய்தியா? கட்டுமான, நுகர்வுத் தரவுகளுக்குச் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவில் மாதாமாதம் வரும் இரண்டு பொருளாதாரக் குறிகாட்டிகளைத் தமிழில் எழுதும்போது ஒரே இடத்தில் இடறுகிறேன்: 'கன்ஸ்ட்ரக்‌ஷன் ஸ்பெண்டிங்', 'கன்ஸ்யூமர் ஸ்பெண்டிங்'. கட்டுமானச் செலவு, நுகர்வோர் செலவு என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் 'கட்டுமானச் செலவு கூடியது' என்ற தலைப்பைப் பார்ப்பவர், சிமெண்டும் கம்பியும் கூலியும் விலை ஏறிவிட்டன என்றே நினைப்பார். செய்தி சொல்வதோ, கட்டும் வேலை கூடுதலாக நடந்தது என்பதை.

2020 ஏப்ரலில் அங்கே நுகர்வோர் செலவு ஒரே மாதத்தில் 10 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. கடைகள் மூடி, வேலைகள் போன மாதம் அது. அதைத் தமிழில் 'நுகர்வோர் செலவு குறைந்தது' என்று எழுதினால் குடும்பங்களுக்குச் சுமை இறங்கியதுபோல் ஒலிக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது. அது விழுவதைச் சொல்லும் சொல் ஆறுதலாக ஒலிக்கலாமா?

காரணம் எளிது. காசு போவதும் செலவு, ஒன்றைச் செய்ய ஆகும் தொகையும் செலவு. வரவு வருவது, செலவு செல்வது. இரண்டுமே பணப்பையின் பக்கம் நின்று பார்க்கும் சொற்கள். கட்டுமானத் தரவு நிலத்தின் பக்கம் நின்று பார்க்கிறது. அதை வெளியிடும் அமெரிக்கக் கணக்கெடுப்புப் பணியகம் அதற்கு இட்ட முறையான பெயரே 'அந்த இடத்தில் கட்டிவைத்ததன் மதிப்பு' என்ற பொருளில்தான் இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்குப் பணம் எப்போது போனது என்பது அதில் கேள்வியில்லை. அந்த மாதம் எவ்வளவு வேலை ஏறியது என்பதே கேள்வி.

என் முன்மொழிவு: முதலாவது 'கட்டுமானப் பணிமதிப்பு'. இரண்டாவது 'நுகர்வுச் செலவீடு'. முதல் இடுவது முதலீடு என்றால், செலவு இடுவது செலவீடு.

—

வணக்கம் ஐயா,

பணிமதிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. 'கட்டிய மதிப்பு' என்றிருந்தால் முடிந்த கட்டடம் மட்டும் என்றாகியிருக்கும்; இதிலோ பாதி எழும்பிய சுவரும் அந்த மாத அளவுக்குக் கணக்கில் வருகிறது. நிலத்தின் விலை சேராது என்பதற்கும் 'பணி' பொருந்துகிறது.

ஒரு தடை. இந்தத் தரவு விலையேற்றத்தைக் கழித்துத் தருவதல்ல. கம்பி விலை ஏறினால் பணிமதிப்பும் ஏறும். ஆக, தாங்கள் தவறென்று சொன்ன அந்த வாசகர் முழுக்கத் தவறவில்லை.

செலவீடு பற்றி: 'செலவினம்' என்பதையே பலர் 'செலவீனம்' என்று பிழையாக எழுதுகிறார்கள். புதுச்சொல்லை அந்தப் பிழையின் உறவாக எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

—

அன்புடையீர்,

விலையேற்றம் பற்றித் தாங்கள் சொன்னது சரி, ஏற்கிறேன். அதனால்தான் 'மதிப்பு' வேண்டும் என்கிறேன். 'அளவு' என்றிருந்தால் பொய்யாகிவிடும்.

செலவீட்டை விட மனமில்லை. 'நுகர்வோர்' என்னாமல் 'நுகர்வு' என்றதற்கும் காரணம் உண்டு. ஒருவருக்காக அரசுக் காப்பீடு கட்டும் மருத்துவமனைத் தொகையும் இதில் சேர்கிறது. சொந்த வீட்டில் இருப்பவர் தமக்குத் தாமே வாடகை கொடுப்பதாக ஒரு தொகை கணித்துச் சேர்க்கிறார்கள். இவை எதுவும் அவர் பையிலிருந்து போனவையல்ல. ஆனால் நுகர்ந்தது அவர்தான்.

இன்னொன்றும் இங்கேயே தீரவேண்டும். கட்டுமானத் தரவின் எண் ஆண்டு வீதத்தில் வருகிறது: பருவ ஏற்ற இறக்கத்தை நீக்கி, அதே வேகம் பன்னிரண்டு மாதம் தொடர்ந்தால் எவ்வளவு என்று சொல்வது. 2024-இல் 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டி நின்ற எண் இப்படிப்பட்டதே. அதை 'இந்த மாதம் 2 லட்சம் கோடி' என்று எழுதினால் பன்னிரண்டு மடங்கு பிழை. 'பருவம் நீக்கிய ஆண்டு வீதம்' என்று முழுதாக எழுதலாம் என்பேன். நீளம்தான், ஆனால் சுருக்கினால் ஆண்டு வளர்ச்சி விகிதம் என்று புரிந்துகொள்வார்கள்.

நேற்று வீட்டில் ஒரு வரி எழுதிப் படிக்கக் கொடுத்தேன்: 'கட்டுமானப் பணிமதிப்பு முந்தைய மாதத்தைவிடக் குறைந்தது.' படித்ததும் கேட்ட கேள்வி, "ஏன், வேலை நின்றுபோச்சா?"