பள்ளிக்கரணை குறுநாவல்: கோடீஸ்வரர் வில்லனாகவே நிற்கிறார், உதவி தேவை

சென்னை வெள்ளத்தை வைத்து எழுதும் சூழலியல் குறுநாவல் பாதியில் நிற்கிறது.

களம் பெரும்பாக்கம், 2045. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய 10 ஏக்கரை ஒரு பெரும் பணக்காரர் மண் கொட்டி 2 மீட்டர் உயர்த்துகிறார். சுமார் 80,000 கன மீட்டர், அதாவது 8 கோடி லிட்டர் தண்ணீர் நிற்க வேண்டிய இடம் போச்சு. 12,000 லிட்டர் தண்ணி லாரிக் கணக்கில் ஆறாயிரம் லாரிக்கு மேல். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் என்றுதான் கடலுக்குப் போகும். கடல் ஏறியிருந்தால் முகத்துவாரம் சரியாக வாங்காது. தேங்குவது பக்கத்துத் தெருவில் ஏறும். 2015, 2023 டிசம்பர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தவர்கள் மூன்றாம் அத்தியாயத்திலேயே அந்தப் பணக்காரரை வில்லன் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அங்கேயே செத்துவிடுகிறது.

கதையிலிருந்து லஞ்சத்தை நீக்கிவிட்டு அனுமதி எல்லாம் முறைப்படி என்று மாற்றியாச்சு, பயனில்லை. வெள்ளத்தில் படகும் சாப்பாடும் அனுப்ப வைத்தால் அன்னதானத்தில் பாவம் கழிந்துவிடுகிறது, அது இன்னும் மோசம். டிரைவர் பார்வையில் சொன்னால் முதலாளியின் மனசு தெரிவதில்லை. மகள் எதிர்த்துப் பேசும் காட்சி, பட்டிமன்றம்தான்.

அந்த 8 கோடி லிட்டர் கணக்கு அவருக்கு எப்போது தெரிய வேண்டும்: மண் கொட்டும் முன்பா, முதல் வெள்ளம் வடிந்த பிறகா?