கீலில் உதை விழாத இடம்: ஒரு சந்தேகம்

இயற்பியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். மேல்முனை கீலில் மாட்டிய சீரான தண்டு அசையாமல் தொங்குகிறது. பக்கவாட்டில் ஓர் அடி. கீல் எந்தக் கணத்தாக்கும் (அடிபடும் கணத்தில் தரும் உதை) தராதிருக்க, அடி கீலிலிருந்து நீளத்தின் 2/3 பங்கில் விழ வேண்டும். கீலைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறனை (சுழற்சி மாற்றத்தைத் தண்டு எதிர்க்கும் அளவு), நிறையும் கீலிலிருந்து நிறைமையத் தொலைவும் பெருக்கிய தொகையால் வகுத்தால் போதும். அதற்குக் கீழே அடித்தால் கீல் தண்டுக்குத் தரும் உதை அடியின் திசையிலேயே, மேலே அடித்தால் எதிர்த்திசையில். இதுவரை சிக்கலில்லை.

தண்டின் நிறைக்குச் சமமான சிறு குண்டைக் கீழ்முனையில் ஒட்டினால் 8/9 பங்கு வருகிறது (குண்டு புள்ளிநிறை என்று வைத்து). யாராவது சரிபார்க்க முடியுமா?

இன்னொன்று: தண்டே ஆடி வந்து நிலையான ஆணியில் மோதினால், எவ்வளவு துள்ளித் திரும்பினாலும் இதே புள்ளிதானா? சமன்பாட்டில் துள்ளலின் அளவு அடிபட்டுப் போகிறது. நம்பத்தான் மனம் வரவில்லை.