20 வளைவில் ஒரு ராஜா

ஏற்காடு பஸ் ஏறினாலே அக்கா மகளுக்கு வாந்தி. ஏழு வயது. கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொல்வோம். இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே அது தோற்றுவிடும். போன லீவில் வேறு வழியில்லாமல் ஒரு கதையைப் பிடித்தேன். சேலத்திலிருந்து மேலே போக மொத்தம் 20 வளைவு. வளைவுக்கு ஒரு வயதாக இளவரசன் வளருவான், எண்ணிக்கொண்டே வா என்றேன்.

முதல் வளைவில் சித்தப்பன் அரண்மனையைப் பிடித்துக்கொண்டான். செவிலித்தாய் குழந்தையை முந்தானையில் மறைத்துச் சேர்வராயன் மலைக்குத் தூக்கி வந்தாள். அப்புறம் குகை, கரடி, பேசுகிற கிளி என்று ஜோராகப் போனது. ஒன்பதாவது வளைவில் கேட்டாள்: “மாமா, இத்தனை வருஷமா அவங்களுக்குச் சோறு யாரு போட்டா?”

கிளி என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. சரி, மலையில் இருக்கிறவர்கள் சாமையும் கேழ்வரகும் கொடுத்தார்கள் என்றேன். “அவங்களுக்கே இருந்துச்சா?”

அதோடு கரடியும் போச்சு, கிளியும் போச்சு. பையன் வீடு வீடாகப் போய் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்க்க ஆரம்பித்தான். விதைக்கு எடுத்து வைத்த சாமையை இடித்துத்தான் தனக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று பதின்மூன்றாவது வளைவில் தெரிந்துகொண்டான். அந்த இடம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. அவள் எலுமிச்சம்பழத்தை எப்போதோ கீழே போட்டிருந்தாள்.

பதினெட்டில் கரிகாலனிடம் கடன் வாங்கினேன். சின்னப் பையன் என்ன தீர்ப்பு சொல்லப்போகிறான் என்று நினைத்த கிழவர்களுக்காக அவன் நரைமுடி வைத்துக்கொண்டு வந்து வழக்கு கேட்டதாகப் பழமொழி நானூற்றில் உண்டே, அதைத்தான். இருபதில் பட்டாபிஷேகம், மலைக்கு வரி தள்ளுபடி, சுபம்.

“அந்த வீட்டுக்கு விதையைத் திருப்பிக் குடுத்தானா?”

நல்லவேளை, ஏரி தெரிய ஆரம்பித்துவிட்டது.

*

மேலே அந்தக் குட்டி கேட்ட மாதிரி நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். தாரமங்கலம் பக்கம் எங்கள் ஊர். துக்க வீட்டில் அரிச்சந்திரன் கூத்து வைப்பார்கள். நாடு போய், காசியில் அம்மாவோடு அடிமையாக விலைபோன லோகிதாசன், தர்ப்பை அறுக்கப் போய்ப் பாம்பு கடித்துச் சாகும்போது கூட்டமே அழும். உயிர் திரும்பி, நாடு திரும்புவதற்குள் பாதிப் பேர் பாயில் சுருண்டிருப்பார்கள். அடிமையாக இருந்த பையன் ராஜாவானதும் என்ன செய்தான்? வேஷம் கலைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன். தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்தபடியே சொன்னார்: “அதுக்குள்ள விடிஞ்சிருது தம்பி.”